ஒரு ஆட்டுக்குட்டியும் யூத மதப் பிரிவுகளும்

யூத மதத்தில் எத்தனை பிரிவு என்று தேடினால் முதலில் கிடைப்பது பெயர்ப் பட்டியல்தான். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ், ரிஃபார்ம், கராயிட்... படித்த பத்து நிமிஷத்தில் மறந்துபோகும். எனக்கு இது பிடிபட்டது சமையலறை வழியாக.

தோராவில் ஒரு சின்னக் கட்டளை உண்டு: ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் வேகவைக்கக் கூடாது. யாத்திராகமத்தில் இரண்டு முறை, உபாகமத்தில் ஒரு முறை வருகிறது. காரணம் சொல்லப்படவில்லை. இரக்கம்தான் காரணம் என்றார்கள் சிலர். வேற்றுத் தெய்வ வழிபாட்டோடு தொடர்பு இருந்திருக்கலாம் என்று ஊகித்தார் 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ்.

இந்த ஒரு வரி எப்படி வளர்ந்தது பாருங்க. கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். பலியும் ஆசாரியர்களும் அங்கேதான். அதோடு எல்லாம் போச்சு. அதற்குப் பிறகு மதத்தைத் தாங்கிப் பிடித்தவர்கள் சட்டம் படித்த ரபிகள். எழுதப்பட்ட தோராவோடு, வாய்வழித் தோரா ஒன்றும் சினாய் மலையில் மோசேக்குக் கொடுக்கப்பட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. அது கி.பி. 200 வாக்கில் மிஷ்னாவாகத் தொகுக்கப்பட்டது. அதன்மேல் தலைமுறை தலைமுறையாக நடந்த விவாதம்தான் தால்முட்.

இப்படி அந்த ஆட்டுக்குட்டி விதி, இறைச்சியும் பாலும் சேரவே கூடாது என்று விரிந்தது. கோழியும் உள்ளே வந்தது. கோழிக்கு ஏது பால்! கலிலேயரான ரபி யோசேயின் ஊரில் கோழியைப் பாலோடு சாப்பிட்டார்கள் என்று தால்முடே பதிவு செய்கிறது. தோற்றுப்போன கருத்தையும் அழிக்காமல் வைத்திருப்பது இந்த நூலில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஆர்த்தடாக்ஸ் வீடுகளில் இன்றைக்கும் இறைச்சிக்குத் தனிப் பாத்திரம், பாலுக்குத் தனிப் பாத்திரம். இறைச்சி சாப்பிட்டால் பால் குடிக்கப் பலர் 6 மணி நேரம் காத்திருப்பார்கள். ஜெர்மன் வழக்கம் 3 மணி, டச்சு வழக்கம் 1 மணி.

பாக்தாத் பக்கம் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் உருவான கராயிட்கள் வாய்வழித் தோராவையே ஏற்கவில்லை. எழுதியிருப்பதுதான் சட்டம். அதனால் கோழியும் பாலும் அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை.

அமெரிக்காவில் சண்டை நேரடியாகச் சாப்பாட்டு மேசைக்கே வந்தது. 1883இல் சின்சினாட்டியில் ஒரு ரபிக் கல்லூரியின் முதல் பட்டமளிப்பு விருந்து. நண்டு, இறால், தவளைக்கால் எல்லாமே தடை செய்யப்பட்டவை. இறைச்சிக்குப் பின் ஐஸ்க்ரீம் வேறு. பன்றி மட்டும் இல்லை! சிலர் கோபித்து எழுந்து போனதாகச் சொல்வார்கள். இரண்டே வருஷத்தில், 1885இல், பிட்ஸ்பர்க்கில் கூடிய ரிஃபார்ம் ரபிகள் உணவு விதிகள் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது என்று அறிவித்தார்கள். இவ்வளவு தூரம் போக விரும்பாதவர்கள் 1886இல் நியூயார்க்கில் வேறு கல்லூரி தொடங்கினார்கள். கன்சர்வேடிவ் பிரிவு வளர்ந்தது அங்கிருந்துதான்.

கவனிச்சீங்களா, இந்தச் சண்டைகள் எதிலும் கடவுள் ஒருவரா என்ற கேள்வியே வரவில்லை. சட்டத்தை மாற்றலாமா, மாற்றலாம் என்றால் யார் மாற்றுவது என்பதுதான் தகராறு. கன்சர்வேடிவ்காரர்கள் சட்டம் கட்டுப்படுத்தும், ஆனால் காலத்தோடு வளரும் என்பவர்கள். 1950இல் அவர்களுடைய சட்டக் குழு, ஜெப ஆலயத்துக்குப் போவதற்கு மட்டும் ஓய்வுநாளில் கார் ஓட்டலாம் என்றது. ஆர்த்தடாக்ஸ்காரர்கள் இன்னும் நடந்துதான் போகிறார்கள்.