பிரான்ஸில்கூட 'ஸ்டாப்'தான்... இங்கே மட்டும் 'அரே'!

பிரான்ஸ் நாட்டுச் சாலைகளில் வண்டியை நிறுத்தச் சொல்லும் சிவப்புப் பலகையில் 'ஸ்டாப்' என்றுதான் எழுதியிருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்திலோ பெரும்பாலும் 'அரே' என்ற பிரெஞ்சுச் சொல்! சுற்றிலும் ஆங்கிலம் பேசும் கண்டத்தில் தாய்மொழி கரைந்துவிடுமோ என்ற பயம் இங்கே அதிகம். அதனால்தான் 1977-ல் பிரெஞ்சு மொழிக்கெனத் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

தலைநகர் கியூபெக் சிட்டி, 1608-ல் உருவானது. பழைய நகரைச் சுற்றிய கோட்டை மதில் இன்றும் நிற்கிறது. 1985 முதல் அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். பக்கத்திலேயே மோன்மோரன்சி அருவி. 83 மீட்டர், நயாகராவைவிட உயரம்!

வடகிழக்கே போனால் தடுசாக் கிராமம். சாகுனே ஆறு செயின்ட் லாரன்ஸில் கலக்கும் இங்கே, கோடையில் படகிலிருந்தே திமிங்கிலங்களைப் பார்க்கலாம்.

மான்ட்ரியலில் குளிர் வாட்டினால் கவலையில்லை. கடைகளையும் மெட்ரோவையும் இணைக்கும் நிலத்தடிப் பாதைகள் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன.

பனி உருகும் மார்ச், ஏப்ரலில் மேப்பிள் மரச் சாற்றை, நம்மூர்ப் பதநீர்போலக் காய்ச்சுகிறார்கள். சுமார் 40 லிட்டர் சாற்றுக்கு ஒரு லிட்டர் பாகுதான் கிடைக்கும்.

கியூபெக் கார்களின் நம்பர் பிளேட்டிலும் ஒரு பிரெஞ்சு வாசகம் உண்டு. அதன் பொருள்: 'எனக்கு நினைவிருக்கிறது.'

இங்கே போகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்லிப் பார்க்கலாம்!