பனங்களி ஜாம்: போத்தலில் இலாபமா, பாயில் இலாபமா?

ஆவணி, புரட்டாதி வந்தால் தீவுப் பகுதியில் பனம்பழம் விழுந்து கிடக்கும். மாடு தின்றது போக மீதி மண்ணோடு மண்ணாகும். அதே ஊர்க் கடைத் தட்டில் கொழும்பிலிருந்து வந்த ஜாம் போத்தல் நிற்கும். இதைக் கண்ட நமது சகோதரிகள் சிலர், பனம்பழத்தில் வீட்டிலேயே ஜாம் செய்து விற்றால் சரிவருமா என்று என்னிடம் கேட்கிறார்கள். சரிவரும். ஆனால் எந்தத் தீவிலிருந்து கேட்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பனை என்றதும் கள்ளை நினைத்து ஒதுங்குவோருக்கு ஒரு வார்த்தை. களியைப் பிழிந்த அன்றே அடுப்பில் ஏற்றினால் புளிக்க இடமே இல்லை. ஜாமை இறுகச் செய்யும் பெக்டினும் பழத்திலிருந்து வருவதுதான். ஜெலட்டின் வேறு, அது வேறு.

தோலுரித்த பழத்தைச் சிறிது தண்ணீர் விட்டுப் பிசைந்து, தும்பு போகத் துணியில் வடித்தெடுங்கள். ஒரு கிலோ களிக்கு முக்கால் கிலோ சீனி. பனங்களியில் புளிப்புப் போதாது. ஆகவே மூன்று நான்கு தேசிக்காயின் சாறு சேர்க்க வேண்டும். அடிப்பிடிக்காமல் துழாவிக் காய்ச்சி, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஓடாமல் நின்றால் பதம். வெப்பமானி உள்ளவர்கள் 105 பாகையில் இறக்கலாம். 450 கிராம் போத்தல் ஏறத்தாழ மூன்று நிறையும்.

கசப்புத்தான் பெரிய தலையிடி. ஃபிளாபெல்லிஃபெரின் என்ற பொருளால் வருவது அது. எத்தனை சீனி போட்டாலும் அடித்தொண்டையில் நிற்கும். மரத்துக்கு மரம் கசப்பு வேறுபடும் என்பதால், இனிக்கும் மரங்களை ருசி பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வதே சிக்கனமான வழி.

இனிக் கணக்கு. பழம் சும்மா கிடைக்கிறது. காசு போவது சீனிக்கும், போத்தலுக்கும், விறகுக்கும். 2022 நெருக்கடியில் சீனி என்ன பாடுபடுத்தியது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கம் தரைவழி உண்டு. லொறியில் சாமான் வந்து இறங்கும். நெடுந்தீவுக்கோ சீனி மூட்டையும் வெறும் போத்தலும் குறிகட்டுவானில் படகேற வேண்டும். பிறகு நிறைந்த போத்தல் அதே கடலில் திரும்ப வேண்டும். இரண்டு கூலி, உடைந்தால் மூன்றாவது நட்டம். களியாகவே அனுப்பலாம் என்றால், அது ஒரு நாள் தாங்காது.

ஆகவே நெடுந்தீவு, நயினாதீவுக்காரருக்கு நான் சொல்வது பனாட்டு. களியைப் பாயில் பரப்பி, வெயிலில் காயக் காய மேலே மேலே ஊற்றிச் சேர்ப்பது. சீனி வேண்டாம், போத்தல் வேண்டாம், பாரமும் இல்லை. நம் முன்னோர் கண்ட ஜாம் அது! கிழவர் தின்பண்டம் என்று நாம் தள்ளி வைத்ததை, கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் நம் ஊரவர்கள் ஊரிலிருந்து வருவோரிடம் கேட்டு வாங்குகிறார்கள். பாயையும் பழமையையும் காட்டி மலிவாக விற்காதீர்கள். மணல் படாமல், ஈ மொய்க்காமல் வலை போட்டு உலர்த்தி, சிறு துண்டாக வெட்டிப் பொதி செய்தால் விலை தானாக ஏறும்.

தரைவழி உள்ளவர்கள் ஜாமில் இறங்கலாம். 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. முதலில் அங்கு போய் விசாரியுங்கள். சமைக்கும் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் காட்டுங்கள். முதல் பருவத்தில் ஐம்பது போத்தலுக்கு மேல் வேண்டாம். அதையும் கடனுக்குக் கொடுக்காதீர்கள்.