பல் முளைத்த பலகை! ஜூன் மழைக்கும் அசராத மரச் சக்கரம் செய்வது எப்படி?

சேரம்பாடி:

மார்ச் வெயிலில் செய்த மரப் பல் சக்கரம் ஜம்மென்று சுழலும். ஜூன் மழை பிடித்ததும் ‘கர்... கர்...’ என்று முனகும். ஜூலையில் அசையவே அசையாது!

வாங்கிப் போனவர் சும்மா இருப்பாரா? “என்னண்ணே, வாங்கினப்போ நல்லாத்தானே சுத்துச்சு? இப்போ இறுகிப் போச்சே!” என்று பட்டறை வாசலில் வந்து நிற்பார். அன்றோடு தச்சரின் ஒரு வார உழைப்பு போச்சு!

பல் சக்கர பொம்மையோ, மரக் கடிகாரமோ செய்து நாலு காசு பார்க்க நினைப்பவருக்கு இங்கே முதல் எதிரி மழைதான். நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டிய ஊர் சேரம்பாடி. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். அந்த நாளில் காற்றே ஈரம்தான். அந்த ஈரத்தைப் பலகை குடித்துவிடும்.

எதிரி பலசாலிதான். ஆனாலும் அவனை மடக்க வழி இருக்கிறது!

ஊட்டி ரெயிலும் பல்லும்

பல் சக்கரத்தின் பலம் என்ன என்பது நீலகிரிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஊட்டி மலை ரெயில் ஏறுவதே பல்லைப் பிடித்துத்தான்! 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய ரெயில் அது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரட்டை இரும்புப் பட்டைகள் உண்டு. ஏறக்குறைய 12 அடி போனால் 1 அடி ஏற்றம். என்ஜினின் பல் சக்கரம் அந்தப் பட்டையைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது.

அது இரும்பு. மரத்தில் முடியுமா?

ஏன் முடியாது! பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் பழைய கைராட்டினத்தில் இரண்டு உருளைகளை எதிரெதிராகச் சுழற்ற, நம் நாட்டுத் தச்சர்கள் மரத்திலேயே திருகுப் பல் செதுக்கினார்கள். இங்கிலாந்தில் ஜான் ஹாரிசன் என்ற தச்சர் 1713-இலேயே மரச் சக்கரக் கடிகாரம் செய்தார். பிற்பாடு கப்பல் கடிகாரம் செய்து உலகப் புகழ் பெற்றவர் இவர்தான்.

எந்தப் பக்கம் வீங்கும்?

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வீங்காது. நார் ஓடும் நீளவாக்கில் அனேகமாக வீங்கவே வீங்காது. குறுக்குவாக்கில்தான் வீங்கும். 150 மி.மீ. அகலமுள்ள பலகை, மழைக்காலத்தில் ஒன்றிரண்டு மி.மீ. அகலமாவது சகஜம்.

ஒரே பலகையில் வட்டமாக அறுத்த சக்கரம் என்ன ஆகும்? முட்டை வடிவமாகிவிடும்! ஒரு சுற்றுக்குள் இரண்டு இடத்தில் இறுகும், இரண்டு இடத்தில் தளரும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நார் ஓடும் திசையில் நீட்டி நிற்கும் பற்கள் கெட்டியாக இருக்கும். பக்கவாட்டில் நிற்கும் பற்களில் நார் குறுக்கே போவதால், கொஞ்சம் அழுத்தினால் ‘பொடுக்’கென்று உடைந்துவிடும்.

மாட்டு வண்டி சொன்ன பாடம்

இதை நம் முன்னோர் அறிந்தே வைத்திருந்தார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்தின் விளிம்பை ஒரே பலகையில் அறுக்க மாட்டார்கள். வட்டை வட்டையாகத் துண்டு சேர்ப்பார்கள். நார் விளிம்போடு வளைந்து வருவது போல ஆகிவிடும்.

சின்னச் சக்கரத்துக்கு இன்னும் சுலபமான வழி பிளைவுட். மெல்லிய தகடுகளை நார் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டியது அது. ஒரு தகடு வீங்கப் பார்த்தால் அடுத்த தகடு விடாது! தோட்டத்துக்காரர்களுக்கு இது பழக்கமான சங்கதி. ஒரு காலத்தில் தேயிலை கப்பலேறியதே பிளைவுட் பெட்டியில்தான்.

சக்கரத்துக்கு 12 மி.மீ. கனம் போதும். தண்ணீருக்குத் தாங்கும் பசையில் ஒட்டிய ரகமாகக் கேட்டு வாங்க வேண்டும். மட்டமான ரகம் ஒரே மழையில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

கணக்கு ரொம்பச் சுலபம்

12 பல், 24 பல் என்று இரண்டு சக்கரம் வைத்துக்கொள்வோம். ஒரு பல்லுக்கு 6 மி.மீ. என்று பெருக்கினால், இரண்டும் கவ்வும் வட்டங்களின் குறுக்களவு 72 மி.மீ., 144 மி.மீ. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 108. அச்சுக்கு அச்சு இடைவெளி அதுதான். பல் நுனிகள் கவ்வும் வட்டத்துக்கு வெளியே 6 மி.மீ. நீளும். பள்ளம் உள்ளே ஏழரை மி.மீ. இறங்கும்.

பழைய ஆலைத் தச்சர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். 24-க்குப் பதில் 25 பல்! அப்போது ஒரு பல் எப்போதும் அதே பல்லோடு மோதாது. ஒவ்வொன்றும் எதிர்ச் சக்கரத்தின் எல்லாப் பல்லையும் முறை வைத்துச் சந்திக்கும். தேய்மானம் சமமாகும். இதற்கு இடைவெளி 111 மி.மீ.

அறுப்பதில் கவனம்

ஸ்க்ரோல் சா மெஷினில் நூல் போன்ற ரம்பம் மேலும் கீழும் ஓடும். வளைவெல்லாம் அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மூன்று விஷயத்தை மறக்கக் கூடாது.

முதலில், படம் வரைந்த காகிதத்தைப் பலகையில் ஒட்டியதும் நடுத் துளையைப் போட்டுவிட வேண்டும். அறுத்த பிறகு துளையிட்டால் மையம் தப்பும். சக்கரம் ஆட்டம் போடும்.

அடுத்து, மேஜையும் ரம்பமும் செங்குத்தாக இருக்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பல் ஆப்பு மாதிரி ஆகி மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, கோட்டுக்கு வெளியே மயிரிழை விட்டு அறுத்து, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அதிகம் அறுத்த மரம் திரும்பி வராது!

கண்ணாடியும் முகத்துணியும் கட்டாயம். பிளைவுட் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

எண்ணெய் போடாதே!

இறுகினால் உடனே எண்ணெய் விடுவது பலர் பழக்கம். மரப் பல்லுக்கு அது எமன். எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகிவிடும். மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலோ, பென்சில் கரியைத் தூவினாலோ போதும், வழுவழுவென்று ஓடும்.

பாலிஷை இரண்டு முகத்திலும், ஓரத்திலும் ஒரே மாதிரி பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்துச் சக்கரம் அப்பளமாக வளையும்.

அச்சுகளைத் தாங்கும் சட்டத்தில், இரண்டு அச்சும் நார் ஓடும் நீளவாக்கிலேயே வரவேண்டும். அப்போதுதான் இடைவெளி மாறாது.

கோடரி எடுக்கும் முன்...

“பிளைவுட் எதுக்கு? தோட்டத்தில்தான் சில்வர் ஓக் நிறைய நிக்குதே!” என்று யாராவது கேட்கலாம். அவசரம் வேண்டாம்! மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஈட்டி மரத்தைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள். பொம்மைக்காக வழக்கில் மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனமா? ரசீதோடு வாங்கிய பலகையும், மரக்கடையில் மிஞ்சும் துண்டும் இந்த வேலைக்குத் தாராளம்.

எப்போது செய்வது?

மழையில் பொருத்திய சக்கரம் வெயிலில் கொஞ்சம் தளரும், ஆனாலும் ஓடும். வெயிலில் இறுக்கமாகப் பொருத்தியதோ மழையில் நின்றுவிடும். ஆகவே மார்ச்சில் செய்பவர்கள் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு போஸ்ட் கார்டு கனம் இடம் விட வேண்டும்.

ஜூலையில் சுழலும் சக்கரம், வருஷம் பூரா சுழலும். சேரம்பாடி மழையிடம் பாஸ் ஆன பொம்மையை எந்த ஊர்ச் சந்தைக்கும் தைரியமாக அனுப்பலாம்!