வண்டி ஏன் கீச்சிடுகிறது?

செங்கல்பட்டிலிருந்து கிழக்கே திருக்கழுக்குன்றத்தின் வழியாக மாமல்லபுரத்துக்குப் போகும் சாலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம். ஒரு காலத்தில் திருக்கழுக்குன்றத்து மலைமீது உச்சிவேளையில் வந்து அன்னம் புசித்துச் சென்ற கழுகுகளைத் தரிசிக்க ஜனங்கள் இந்த வழியே திரள் திரளாகப் போவார்கள். கழுகுகள் இப்போது வருவதில்லை. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் கூட்டங் கூட்டமாகக் கடற்கரையை நோக்கிப் பறக்கின்றன. புதிய வண்டிகளுக்கு நடுவே முப்பது, நாற்பது வயதான கிழட்டு வண்டிகளும் தளராமல் போவதைக் காணலாம். அவற்றின் இரும்பு இதயம் "டக், டக்" என்று துடிக்கும் சப்தத்தில் ஒரு தனிக் கம்பீரம் உண்டு என்பதை மோட்டார் சைக்கிள் பிடிக்காதவர்கள்கூட ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் சில வண்டிகள் நம்மைக் கடந்து போகும்போது, அந்தக் கம்பீரத்தினூடே வேறொரு சப்தமும் காதில் விழும். மழைக் காலத்துச் சுவர்க்கோழியை யாரோ வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது போன்ற சப்தம். வேகம் கூடக்கூட அந்தக் கீச்சொலியும் உயரும். வேகம் குறைந்தால் அடங்கும். ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்தால், சுருதி சேராத தம்புராவின் பக்கத்தில் உட்கார நேர்ந்த பாகவதரின் நினைவு வரும். பெரும்பாலும் இந்த உபத்திரவத்தைச் செய்வது வேகமானி, அதாவது 'ஸ்பீடாமீட்டர்' என்று நாம் வழங்கும் சாதனம்.

காதுக்கு உண்டாகும் தொந்தரவுதானே, பொறுத்துக்கொண்டால் போகிறது என்று சிலர் சொல்லக்கூடும். அது சரியல்ல. இன்று கீச்சிடும் கேபிள் நாளை அறுந்து போகும். முள் பூஜ்யத்தில் படுத்துக்கொள்ளும். அதற்கு முன்பே முள் பொய் சொல்லத் தொடங்குவதும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொய் சொல்லும் முள்ளை நம்பி வண்டியை விரட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். எல்லாவற்றிலும் மோசம், வேகமானியின் கூச்சல் என்று நாம் அலட்சியமாக விட்டுவிட்ட சப்தம், உண்மையில் முன்சக்கரத்து பேரிங் தேய்ந்து எழுப்பிய அபயக் குரலாக இருந்துவிடலாம். ஆகையால் கூச்சல் போடுவது யார் என்று கண்டுபிடிப்பதே முதல் காரியம்.

இந்த வண்டிக்கும் செங்கல்பட்டுச் சீமைக்கும் உள்ள பந்தத்தைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. புல்லட் இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரில் பிறந்தது. சுதந்திர இந்தியாவின் ராணுவம் எல்லைக் காவலுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததன் பயனாக, 1955-ம் வருஷத்தில் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் ஆங்கிலக் கம்பெனியாரும் சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனியை ஸ்தாபித்தார்கள். தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. முதலில் சீமையிலிருந்து பாகங்கள் வந்தன. நம் தொழிலாளர் அவற்றைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே வார்த்துக் கடைந்து செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1970-ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. புல்லட் மாத்திரம் சாகவில்லை. நம் ஊரில் உயிரோடு இருந்தது. 1977-ல் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே கப்பலேறிப் போயிற்று! கற்றுக் கொடுத்தவன் கடையை மூடிய பிறகு, கற்றுக்கொண்டவன் அவனுக்கே சரக்கு அனுப்பினான் என்பது சாமான்யமான விஷயமா? 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் ஏற்பட்டன. ஜில்லாக்களை எத்தனை துண்டாகப் பிரித்துப் பெயர் மாற்றினாலும், இந்த மூன்று இடங்களும் பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்குள் அடங்கியவையே. நம் மண்ணில் செய்த வண்டி கீச்சிடும்போது அதைச் சரிப்படுத்தத் தெரியாமல் விழிப்பது நமக்கு அழகல்ல என்பது என் அபிப்பிராயம்.

இனி யந்திரத்துக்குள் நுழைவோம்.

பழைய புல்லட்டில் முன்சக்கரத்தின் குடத்தோடு சேர்ந்து சிறிய பல்சக்கரப் பெட்டி ஒன்று உண்டு. சக்கரம் சுழலும்போது அதுவும் சுழன்று, ஒரு நீண்ட கேபிளின் உட்கம்பியைத் திருப்புகிறது. கேபிள் மேலே ஏறி, முன்விளக்குக் கூட்டின்மீது பதிந்திருக்கும் வேகமானியின் வயிற்றில் போய்ச் சேர்கிறது. உட்கம்பி என்பது ஒற்றைக் கம்பியல்ல; மெல்லிய எஃகு இழைகளை ஒன்றின்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுற்றிச் செய்தது. அதனால்தான் அது வளைந்துகொண்டே சுழல முடிகிறது.

வேகமானிக்குள்ளே நடப்பது ஒரு மாயாஜாலம். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தை மூடினாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் சுழலும் காந்தம் அந்த உலோகத்தில் மின்சாரச் சுழிகளை எழுப்புகிறது. அந்தச் சுழிகள் தாமே காந்தமாகி, கிண்ணத்தையும் கூடவே இழுத்துச் செல்லப் பார்க்கின்றன. கடிகாரத்தில் இருப்பதுபோன்ற மயிரிழை ஸ்பிரிங் ஒன்று "போகாதே" என்று கிண்ணத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் கிண்ணம் நிற்கிறது. அதன் அச்சில் செருகிய முள், எண்ணைக் காட்டுகிறது. சுழலும் தகடு காந்த ஊசியைக் கூட இழுக்கும் விந்தையை 1824-ல் பிரான்சு தேசத்து அரகோ கண்டார். அதன் காரணத்தை 1831-ல் பாரடே விளக்கினார். அதையே வேகத்தை அளக்கும் கருவியாக்கி 1902-ல் உரிமை பெற்றவர் ஸ்ட்ராஸ்புர்க் நகரத்து ஓட்டோ ஷூல்ட்ஸ்.

உட்கம்பிக்கு உள்ள வேலை கொஞ்சமல்ல. பழைய ஆங்கில வேகமானிகள் பலவற்றின் முகத்தில் 1,600 என்ற எண் சிறியதாக அச்சிட்டிருக்கும். ஒரு மைலுக்கு 1,600 சுற்று என்று அர்த்தம். கிலோமீட்டருக்குச் சுமார் 1,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், செங்கல்பட்டில் கிளம்பி மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் அந்த மெல்லிய கம்பி 30,000 தடவை சுழன்றாக வேண்டும். எண்ணெய்ப் பசையில்லாமல் இவ்வளவும் செய்யச் சொன்னால் யார்தான் கீச்சிடமாட்டார்கள்?

இப்போது குற்றவாளியைப் பிடிக்கலாம். சப்தம் எஞ்சினுடையதா, சக்கரத்தினுடையதா என்பது முதல் கேள்வி. ஆள் நடமாட்டமில்லாத சமமான சாலையில் மெதுவாகப் போகும்போதே கிளட்சைப் பிடித்து, எஞ்சினைச் சற்றே முடுக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் மாறியும் கீச்சொலி மாறவில்லையானால், அது சக்கரத்தோடு சேர்ந்தது. முன்பிரேக்கை இலேசாகத் தொட்டவுடன் சப்தத்தின் தன்மை மாறினால் பிரேக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு வண்டியை நிறுத்தி, சக்கரத்தோடு கேபிள் சேரும் கீழ் முனையைக் கழற்றுங்கள். கழற்றிய முனையைச் சக்கரக் கம்பிகளில் சிக்காதபடி உறுதியாகக் கட்டிவிட வேண்டும். இதில் அஜாக்கிரதை கூடாது. கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இன்னமும் சப்தம் வருகிறதென்றால் கேபிளும் வேகமானியும் நிரபராதிகள். பல்சக்கரப் பெட்டியோ, பேரிங்கோதான் கத்துகிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் பேரிங்கின் தேய்மானம் கைக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் மற்ற வேலையையெல்லாம் ஒத்திப் போட்டுவிட்டு மெக்கானிக்கிடம் போவதே உத்தமம்.

சப்தம் நின்றுவிட்டதா? கீழ் முனையைப் பழையபடி பூட்டி, மேல் முனையை வேகமானியிலிருந்து கழற்றிக் கட்டிவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். கத்தினால் கேபிள், மௌனமானால் வேகமானி. இவ்வளவுதான் விசாரணை. அரை மணி நேரமும் ஒரு ஸ்பானரும் போதும். இதைச் செய்யாமல், சப்தம் கேட்டவுடனே வேகமானியை மாற்று, கேபிளை மாற்று என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுப் பணத்தை இறைப்பவர்கள் இருக்கிறார்கள். புதுப்பேட்டை வியாபாரிகளுக்கு அதனால் லாபமே தவிர, வண்டிக்கு ஒரு பயனும் இல்லை.

முள்ளின் நடத்தையும் ஒரு சாட்சியே. முள் காற்றில் ஆடும் தீபம்போல் நடுங்கினால், பெரும்பாலும் கேபிள் வறண்டோ முறுக்கேறியோ இருக்கும். டயர் பஞ்சர் ஒட்டிய மறுநாளே சப்தம் ஆரம்பித்தது என்றால், சக்கரத்தைத் திருப்பி மாட்டியவர் பல்சக்கரப் பெட்டியை அதற்குரிய வாயில் சரியாக உட்கார வைக்கவில்லை அல்லது கேபிளைக் கோணலாக இழுத்துவிட்டார் என்று கொள்ளலாம்.

கேபிள்தான் குற்றவாளி என்று ஏற்பட்டால், வைத்தியம் வீட்டிலேயே நடக்கும். உட்கம்பியை உருவி எடுத்து மண்ணெண்ணெயில் நன்றாக அலம்பித் துடையுங்கள். இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, ஊஞ்சல் சங்கிலிபோல் தொங்கவிட்டு, ஒரு முனையை விரல்களால் மெள்ளத் திருப்புங்கள். மறுமுனையும் சீராகத் திரும்ப வேண்டும். சற்றுத் தயங்கி, பிறகு வெடுக்கென்று துள்ளினால் கம்பி எங்கோ மடிந்திருக்கிறது. மடிந்த கம்பிக்கு மருந்து கிடையாது. புதிதாக மாற்ற வேண்டியதுதான். இழை பிரிந்த கம்பிக்கும் அதே கதி. நல்ல கம்பியாக இருந்தால் மெல்லிய கிரீஸை விரல்களால் தடவி மீண்டும் செருகலாம்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கிரீஸ் நல்லது என்பதற்காக அதைத் தலைவரை அப்பிவிடுகிறார்கள். திருகுபோல் சுற்றிய கம்பி சுழலும்போது கிரீஸ் அதன்வழியே மேலே ஏறும். ஏறி வேகமானிக்குள் புகுந்தால், தொடக் கூடாத காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே பிசுபிசுப்பு ஏற்பட்டுக் கிண்ணம் வேண்டாத வேகத்தில் இழுபடும். அறுபதில் போகும்போது முள் நூறைக் காட்டி நிற்கும். ஆகையால் மேல் முனையில் சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிரீஸே தடவாமல் விட்டுவிட வேண்டும். கேபிளை மாட்டும்போது கூர்மையான வளைவு எங்கும் இல்லாதபடி பார்த்துக்கொள்வதும், ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பி அது எங்கும் விறைக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வதும் அவசியம்.

வேகமானியே கத்தினால், அதன் வயிற்றில் கேபிள் சேரும் இடத்திலுள்ள சுழல்தண்டு தன் புஷ்ஷில் வறண்டு உராய்கிறது என்று பொருள். சாதனத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, தண்டு புகும் துவாரத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். வீட்டில் அம்மாளின் தையல் பெட்டியில் அந்தப் புட்டி இருக்கும். ஒரு சொட்டுக்குமேல் விட்டால் முன்சொன்ன கிண்ணத்தின் கதைதான். சற்று நேரம் ஊறவிட்டு, தண்டை விரலால் சுழற்றி, மிகுந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். முகத்து வளையத்தைப் பிரித்து முள்ளைப் பிடுங்கிப் பார்க்கும் சாகசத்தில் மட்டும் இறங்க வேண்டாம். மயிரிழை ஸ்பிரிங் ஒரு தடவை கோணினால், கடிகார வேலை தெரிந்த கைகளால்தான் அதை நிமிர்த்த முடியும்.

1960-களின் தொடக்கம் வரையில் வந்த சில ஆங்கில வண்டிகளில் 'குரோனோமெட்ரிக்' என்ற வேறு ஜாதி வேகமானி உண்டு. அதில் காந்தம் இல்லை. கடிகாரத்தைப் போன்ற பல்சக்கர அமைப்பு, குறிப்பிட்ட நேரத்துக்கொரு தடவை சுற்றுகளை எண்ணிச் சொல்கிறது. முள் சீராக ஏறாமல் படிப்படியாகத் தாவுவதும், "டிக் டிக்" என்று ஒலிப்பதும் அதன் சுபாவம். அதை நோய் என்று எண்ணி வைத்தியம் பார்க்கப் போகக் கூடாது.

கடற்கரைவாசிகளுக்கு ஒரு விசேஷக் கவலை உண்டு. மாமல்லபுரத்து உப்புக் காற்று எவ்வளவு பொல்லாதது என்பதற்குக் கடற்கரைக் கோயிலின் சிற்பங்களே சாட்சி. ராஜசிம்ம பல்லவன் எடுத்த கற்கோயிலையே கரைத்த காற்று, கேபிளின் மெல்லிய எஃகு இழையை விட்டுவைக்குமா? கோயிலைக் காக்கச் சுற்றிலும் சவுக்குத் தோப்பு வளர்த்தார்கள். வண்டிக்கு அப்படியெல்லாம் செய்ய முடியாது. சதுரங்கப்பட்டினம், கோவளம் பக்கத்தில் குடியிருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தடவை கம்பியை உருவித் துடைத்துக் கிரீஸ் போட்டுவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கேபிளின் வெளியுறை வெடித்திருந்தால் உடனே மாற்றுவது நல்லது. உப்புத் தண்ணீர் அந்த வெடிப்பின் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது.

கீச்சொலி நின்ற பிறகு முள் மெய் பேசுகிறதா என்று சோதிக்க, சாலையோரத்துக் கிலோமீட்டர் கற்களே போதும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் கையில் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, முள்ளை நாற்பதில் அசையாமல் நிறுத்தி ஓட்டுங்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போக 90 வினாடி ஆக வேண்டும். 95 ஆனால் பாதகமில்லை. முள் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறது, அவ்வளவுதான். 80 வினாடியிலேயே கல் வந்துவிட்டால், நாற்பது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது வண்டி 45-ல் ஓடுகிறது. அந்த வேகமானியைக் கழற்றி, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டு மறு வேலை பார்க்க வேண்டும்.