தையல் பிரிச்சாச்சு, தண்ணி பாட்டில் எங்கே?

காலாண்டுத் தேர்வு மார்க் வந்த பிறகுதான், தலையில் அடிபட்ட பிள்ளையோடு பெற்றோர் என்னிடம் வருகிறார்கள். பைக்கிலிருந்து விழுந்தது கோடை விடுமுறையில். தையல் போட்ட இடத்தில் முடிகூட வளர்ந்துவிட்டது. "ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க டாக்டர், இவன்தான் கவனிக்கிறதே இல்ல" என்பார் அப்பா. அப்படி வந்த 9 வயதுப் பையன் ஒரே மாதத்தில் நான்கு தண்ணீர் பாட்டில்களைத் தொலைத்திருந்தான். விபத்துக்கு முன் பார்த்த சினிமா வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். காலையில் இட்லியா தோசையா என்றேன். அம்மா முகத்தைப் பார்த்தான்.

நடிப்பு இல்லை

இங்கேதான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். தலையில் அடிபட்டால் பழைய நினைவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். புதிதாகக் கேட்டது தங்காது, செய்ய வேண்டியது நேரத்துக்கு ஞாபகம் வராது. ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும், மறதியைக் காட்டாது. அதற்கு உளவியலாளர் செய்யும் சோதனைகள் தனி. "சின்ன வயசு, தானா சரியாயிடும்" என்பதும் பாதி உண்மைதான்: ஐந்து வயதில் பட்ட அடி, பாடம் கூடும் ஆறாம் வகுப்பில் தலைகாட்டலாம்.

வல்லாரையும் வலிப்பு மாத்திரையும்

வல்லாரைத் துவையல் ருசிதான், சாப்பிடட்டும். அடிபட்ட மூளையை அது சரிசெய்யாது. நீங்களாக வாங்கும் ஞாபக டானிக்கும் செய்யாது. அதையாவது பொறுத்துக்கொள்வேன். "பிள்ளையை மந்தமாக்குது" என்று, அடிபட்ட பிறகு டாக்டர் தந்த வலிப்பு மாத்திரையை நீங்களே நிறுத்துகிறீர்களே! திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மந்தமாக இருந்தால் வந்து சொல்லுங்கள், மாற்றித் தர வழி இருக்கிறது.

"யோசிடா, யோசி" என்று குடைவதும் வேண்டாம். தப்பாக ஊகித்தால் அந்தத் தப்பே பதிந்துவிடும். விடையைச் சொல்லிக்கொடுத்து, கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்பச் சொல்ல வையுங்கள்.

வாசலில் ஓர் அட்டை

அந்தப் பையனின் அம்மா, செருப்பு விடும் இடத்துக்கு மேலே பை, பாட்டில், டிபன் பாக்ஸ் மூன்றையும் ஓர் அட்டையில் படமாக வரைந்து ஒட்டினார். ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுத்தான் அவன் படி இறங்குவான். இப்போது பாட்டில் வீடு திரும்புகிறது. "குளிச்சு, யூனிஃபார்ம் போட்டு, பாலைக் குடி" என்றால் குளியலோடு நின்றுவிடும். ஒன்று முடிந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள். வீட்டுப்பாடம் டைரியில் ஏறியதா என்று டீச்சர் ஒரு பார்வை பார்த்தால் போதும். கொஞ்சம் தேறியதும் அட்டையைக் கிழித்துவிடாதீர்கள்.

சின்னத் தலைக்கும் ஹெல்மெட்

4 வயது தாண்டிய பிள்ளைக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று 2019 சட்டத் திருத்தமே சொல்கிறது. அப்பா தலையில் இருக்கிறது, டேங்க் மேல் உட்கார்ந்த பிள்ளை தலையில் இல்லை. பக்கத்துத் தெருதானே என்கிறீர்கள். பாட்டில் தொலைத்த அந்தப் பையன் விழுந்ததும் பக்கத்துத் தெருவில்தான். கெஞ்சிக் கேட்கிறேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அவன் தலை அளவுக்கே ஒன்று வாங்குங்கள்.