பழைய கணினிகளில் வரைகலை அட்டை மேம்பாடு

வரைகலை அட்டை மேம்பாடு என்பது, பயன்பாட்டில் உள்ள ஒரு கணினியின் ஏனைய உறுப்புகளைப் பெரும்பாலும் மாற்றாமல், திரைக்கான படத்தை உருவாக்கும் அட்டையை மட்டும் நீக்கிவிட்டு அதைவிட ஆற்றல் மிக்க ஒன்றைப் பொருத்துவதாகும். பேச்சு வழக்கில் கிராபிக்ஸ் கார்டு எனப்படும் இவ்வட்டையே விளையாட்டுக் கணினிகளில் பொதுவாக மிகவும் விலை கூடிய உறுப்பு. மற்றவற்றைவிட விரைவில் பழையதாகிவிடுவதும் இதுவே. ஆனால், புதிய அட்டையின் திறன் முழுவதும் பழைய கணினியில் வெளிப்படும் என்பதற்கு உறுதி இல்லை. சில கணினிகளில் கொடுத்த விலையில் பாதி வீணாகும். சிலவற்றில் அட்டை இயங்கவே இயங்காது.

இக்கட்டுரையில் 2014 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கணினி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. அதன் மையச் செயலி இன்டெல் கோர் ஐ5-4590; தாய்ப்பலகை எச்81 சில்லுத் தொகுதியைக் கொண்டது; நினைவகம் 8 ஜிபி; வரைகலை அட்டை 2 ஜிபி நினைவகமுள்ள என்விடியா ஜிடிஎக்ஸ் 750 டிஐ.

தடையாக உள்ள உறுப்பு எது?

விளையாட்டில் திரையில் தோன்றும் ஒவ்வொரு சட்டகத்தையும் இரண்டு உறுப்புகள் சேர்ந்தே உருவாக்குகின்றன. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எது நகர்கிறது, எதை வரைய வேண்டும் என்பவற்றை மையச் செயலி கணிக்கிறது. அந்தக் கட்டளைகளைப் பெற்று, படப்புள்ளிகளுக்கு நிறம் தீட்டுவது வரைகலை அட்டையின் வேலை. ஒரு சட்டகத்துக்கான கட்டளைகளைத் தயாரிக்க மையச் செயலிக்கு 20 மில்லி விநாடி தேவைப்படுமாயின், விநாடிக்கு 50 சட்டகங்களுக்கு மேல் எந்த அட்டையாலும் தர இயலாது. உலகிலேயே விலை உயர்ந்த அட்டையைப் பொருத்தினாலும் அது எஞ்சிய நேரத்தில் சும்மா இருக்கும்.

இதைக் கண்டறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. விளையாட்டின் பிரிதிறனை 1920 × 1080 இலிருந்து 1280 × 720 ஆகக் குறைத்துப் பார்க்க வேண்டும். முதலாவதில் ஏறத்தாழ 20.7 இலட்சம் படப்புள்ளிகளும், இரண்டாவதில் 9.2 இலட்சம் படப்புள்ளிகளும் உள்ளன. அட்டையின் சுமை இவ்வாறு பாதிக்கும் கீழே குறைந்த பின்னரும் சட்டக எண்ணிக்கை உயரவில்லை எனில், தடை மையச் செயலியிலோ நினைவகத்திலோ உள்ளது. அந்நிலையில் அட்டை வாங்குவதால் பயன் சிறிதே. இச்சோதனையைச் செய்யாமலே அட்டை வாங்கிவிட்டு, பின்னர் குறையை அட்டையின் மீது சுமத்துவோர் பலர்.

எடுத்துக்காட்டுக் கணினியின் செயலி நான்கு கருக்களை மட்டுமே கொண்டது. அதே தாய்ப்பலகையில் பொருந்தக்கூடிய கோர் ஐ7-4790 நான்கு கருக்களில் எட்டு இழைகளை இயக்கவல்லது. பழைய பொருள் சந்தையில் கிடைப்பது. நினைவகம் ஒரே பட்டையாக இருந்தால், மற்றொரு பட்டையைச் சேர்த்து இரு தடங்களில் இயங்கச் செய்வதும் நல்ல பலன் தரும். அட்டைக்கு முன்னர் இவற்றைக் கருத்தில் கொள்வது நன்று.

மின் வழங்கி

பவர் சப்ளை எனப்படும் மின் வழங்கியே இவ்வகை மேம்பாடுகளில் அதிகம் புறக்கணிக்கப்படும் உறுப்பு. பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் வழியாக ஓர் அட்டை அதிகபட்சம் 75 வாட் பெறலாம். அதற்கு மேல் தேவைப்படும் அட்டைகளுக்கு மின் வழங்கியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். 6 ஊசி இணைப்பி 75 வாட், 8 ஊசி இணைப்பி 150 வாட் தருமாறு வரையறுக்கப்பட்டவை.

மின் வழங்கியின் மீது பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட மொத்த வாட் அளவை மட்டும் பார்ப்பது போதாது. செயலியும் வரைகலை அட்டையும் பெரும்பாலும் 12 வோல்ட் தடத்திலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. எடுத்துக்காட்டுச் செயலியின் வரையறை 84 வாட். அதனுடன் 132 வாட் அட்டை ஒன்றையும், தட்டுகள், விசிறிகள் முதலியவற்றுக்கு 40 வாட்டையும் கூட்டினால் 256 வாட் ஆகும். இதை 12 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 21 ஆம்பியர். "450 வாட்" என்று விற்கப்பட்ட ஒரு மலிவான மின் வழங்கியின் பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் என்றிருந்தால், அது தரக்கூடியது 216 வாட் மட்டுமே. விளையாட்டின் நடுவே கணினி திடீரென அணைந்துவிடுவதற்கு இது ஒரு காரணம். பத்தாண்டு உழைத்த மின் வழங்கியின் மின்தேக்கிகளும் தேய்ந்திருக்கும் என்பதால், கணக்கில் வருவதைவிடக் கால் பங்காவது கூடுதலாக இருப்பது பாதுகாப்பு.

நிறுவனங்கள் முழுமையாகப் பொருத்தி விற்ற அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் தனி மின் இணைப்பியே இராது. அத்தகையவற்றுக்குச் செருகுவாய் மின்சாரத்தில் மட்டும் இயங்கும் அட்டைகளே ஏற்றவை. 2024 இல் வெளிவந்த 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 2022 இல் வெளிவந்த 53 வாட் ரேடியான் ஆர்எக்ஸ் 6400 ஆகியன இவ்வகையின. வன்தட்டுக்கான கம்பியை மாற்றி இணைப்பி மூலம் அட்டைக்குக் கொடுக்கும் வழக்கம் தீ விபத்துக்கு இடமளிப்பது.

செருகுவாயும் தடங்களும்

பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய்கள் பழையதோ புதியதோ ஒன்றோடொன்று பொருந்துபவை. ஆயினும் பொருந்துவது வேறு, முழு வேகத்தில் இயங்குவது வேறு. ஒரு தடத்தின் தரவு வேகம் இரண்டாம் பதிப்பில் விநாடிக்கு 500 மெகாபைட். மூன்றாம் பதிப்பில் ஏறத்தாழ 1 கிகாபைட். நான்காம் பதிப்பில் ஏறத்தாழ 2 கிகாபைட். முன்னைய அட்டைகள் பெரும்பாலும் 16 தடங்களைப் பயன்படுத்தின. அண்மைக்கால மலிவு அட்டைகளில் தயாரிப்பாளர்கள் செலவைக் குறைக்க 8 அல்லது 4 தடங்களையே அமைக்கின்றனர். செருகும் பகுதியின் நீளத்தைக் கொண்டு இதை அறிய முடியாது.

2022 சனவரியில் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்குத் தக்க சான்று. இதில் 4 தடங்களும் 4 ஜிபி நினைவகமும் மட்டுமே உள்ளன. நான்காம் பதிப்புத் தாய்ப்பலகையில் விநாடிக்கு 8 கிகாபைட் கிடைக்கும். எச்81 பலகையின் செருகுவாயோ இரண்டாம் பதிப்பைச் சேர்ந்தது. அங்கே 2 கிகாபைட் மட்டுமே. அட்டையின் நினைவகம் நிரம்பியதும் படத்தரவுகள் முதன்மை நினைவகத்திலிருந்து இக்குறுகிய வழியாக வர வேண்டியிருப்பதால் விளையாட்டு திக்கித் திணறும். பழைய கணினி வைத்திருப்போரே மலிவான அட்டையை நாடுவர். அவர்களுக்கே இந்த அட்டை மிகவும் பொருந்தாதது என்பது முரண். மேலே கூறிய ஆர்எக்ஸ் 6400 அட்டைக்கும் இதே குறை உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050, ஆர்எக்ஸ் 6600 இரண்டும் 8 தடங்கள் கொண்டவை. எச்81 பலகையில் 4 கிகாபைட் பெறும்.

இன்டெல்லின் ஆர்க் வரிசை அட்டைகள் விலைக்கேற்ற திறன் உடையவை. எனினும், அட்டையின் நினைவகம் முழுவதையும் செயலி ஒரே வேளையில் அணுகும் வசதியைத் தாய்ப்பலகை அளித்தால்தான் அவை சரிவர இயங்கும். 2014 ஆம் ஆண்டுப் பலகைகளில் இவ்வசதி தரப்படவில்லை.

பெயர்க் குழப்பம்

ஒரே பெயரில் வெவ்வேறு அட்டைகள் விற்கப்படுவதுண்டு. 2017 இல் வெளிவந்த ஜிடி 1030 அட்டையின் நினைவக வேகம் விநாடிக்கு 48 கிகாபைட். மறு ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்துடன் வந்த பதிப்பில் அது ஏறத்தாழ 17 கிகாபைட். ஜிடிஎக்ஸ் 1060 இன் 3 ஜிபி பதிப்பில் நினைவகம் மட்டுமன்றிக் கணிப்புக் கருக்களும் 1280 இலிருந்து 1152 ஆகக் குறைக்கப்பட்டிருந்தன. ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி, 8 ஜிபி பதிப்புகளும் இவ்வாறே வேறுபட்டவை.

மென்பொருள் ஆதரவு

அட்டை உடையாமல் இருந்தாலும் அதற்கான இயக்கி மென்பொருள் நின்றுபோகும். ஜிடிஎக்ஸ் 750 டிஐ, ஜிடிஎக்ஸ் 1060 முதலியன அடங்கிய மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான இயக்கிகளை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்தியது. எனவே இன்று பழைய ஜிடிஎக்ஸ் 1060 வாங்குவது, விலை மலிவாயினும், அறிவுடைய தெரிவு அன்று.

சில விளையாட்டுகள் கதிர்த்தடமறிதல் வன்பொருளைக் கட்டாயமாக்கியுள்ளன. 2024 திசம்பரில் வெளிவந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் அவற்றுள் ஒன்று. அதன் குறைந்தபட்சத் தேவையாக ஆர்எக்ஸ் 6600 குறிப்பிடப்பட்டிருந்தாலும், செயலிக்குக் கோர் ஐ7-10700கே கேட்கப்படுகிறது. எடுத்துக்காட்டுக் கணினியின் உரிமையாளர் இவ்விளையாட்டுக்காகவே அட்டை வாங்குவாராயின் ஏமாற்றம் அடையக்கூடும். 2020 க்கு முற்பட்ட விளையாட்டுகளே அவரது விருப்பம் எனில், தரமான மின் வழங்கியுடன் ஆர்எக்ஸ் 6600, இல்லாவிடில் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி அக்கணினியின் பொருத்தமான எல்லை. அதற்கு மேற்பட்ட அட்டையை, பின்னர் வாங்கவுள்ள புதிய கணினிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டுமே வாங்கலாம்.

பழைய அட்டைகளை வாங்குதல்

எத்தீரியம் நாணயத்தை வரைகலை அட்டைகளால் அகழ்ந்தெடுக்கும் முறை 2022 செப்டம்பர் 15 அன்று முடிவுக்கு வந்தது. அகழ்வில் இரவு பகலாக உழைத்த அட்டைகள் பெருமளவில் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. இவற்றில் விசிறியும் வெப்பக் களிம்பும் தேய்ந்திருக்கலாம்; அவற்றை மாற்றுவது எளிது. போலி அட்டைகள் அதனினும் கேடானவை. ஜிடிஎஸ் 450 போன்ற மிகப் பழைய அட்டைகளின் நிலைபொருளை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ எனக் காட்டுமாறு செய்து விற்றனர். ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலிகளை அடையாளம் காட்டுகிறது. பணம் கொடுக்கும் முன் விற்பவரின் கணினியிலேயே இதை இயக்கிப் பார்ப்பது நலம்.

பொருத்துதல்

அட்டையின் நீளத்தைக் கணினிப் பெட்டியின் உள்ளளவோடு ஒப்பிட வேண்டும். வன்தட்டுக் கூடு குறுக்கே நிற்பது வழமையான சிக்கல். அண்மைக்கால அட்டைகளில் விஜிஏ வெளியீடு இல்லாததால், பழைய திரைகளுக்கு மின்னணு மாற்றி தேவைப்படும். பொருத்தியபின் திரையின் கம்பியைத் தாய்ப்பலகையில் அன்றி அட்டையிலேயே செருக வேண்டும். புதிய அட்டை வாங்கியும் வேகம் கூடவில்லை என்ற முறைப்பாடு எழுந்தால், முதலில் பார்க்க வேண்டியது இக்கம்பி எங்கே செருகப்பட்டுள்ளது என்பதையே.