ஒரு எஞ்சின், இரண்டு வேலை: லேண்ட்மாஸ்டரால் நீர் இறைத்தல்

1990இல் ஒரு முறை, 2004 டிசம்பரில் கடல் பொங்கியபோது ஒரு முறை, 2006இன் இறுதியில் மீண்டும் ஒரு முறை என வாகரை மக்கள் வீடு வளவுகளை விட்டு ஓடினார்கள். 2007 முதல் திரும்பி வந்தவர்களிடம் காணி இருந்தது, கருவிகள் இருக்கவில்லை. உழவுக்கு ஒன்று, நீர் இறைக்க ஒன்று என இரண்டு எஞ்சின் வாங்க எத்தனை குடும்பத்தால் முடியும்? ஆகவே இருக்கும் ஒன்றையே இரண்டு வேலைக்கும் பயன்படுத்தும் வழியை இங்கு பார்ப்போம்.

இரு சக்கர உழவு இயந்திரத்தை நாம் லேண்ட்மாஸ்டர் என்கிறோம். 1950களில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன உருவாக்கி, இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட இயந்திரத்தின் பெயர் அது. இன்று எந்த நாட்டு இயந்திரத்துக்கும் அதே பெயர் வழங்குகிறது. மாரிப் போகத்தில் வட்டையில் உழுத பின் பல நாட்கள் அது சும்மா நிற்கும். அந்த நாட்களில்தான் கச்சானுக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் தேவை.

எஞ்சினின் பக்கத்தில் சுழலும் கப்பியிலிருந்து பெல்ட்டுகள் கியர்ப்பெட்டிக்குச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கழற்றிவிட்டு, அதே கப்பியிலிருந்து நீர்ப்பம்பியின் கப்பிக்கு பெல்ட் போட்டால் பம்பி சுழலும். ஆனால் எந்தக் கப்பியையும் பூட்டலாம் என்று எண்ண வேண்டாம். கணக்கு இதுதான்: எஞ்சின் கப்பியின் விட்டத்தை எஞ்சினின் சுற்றால் பெருக்குங்கள், அதைப் பம்பிக்குத் தேவையான சுற்றால் வகுங்கள். வருவது பம்பிக் கப்பியின் விட்டம். எஞ்சின் கப்பி 5 அங்குலம், நிமிடத்துக்கு 2000 சுற்று; பம்பிக்கு 2500 சுற்று தேவை என்றால், 4 அங்குலக் கப்பி வேண்டும். பம்பியின் தகட்டில் இந்தச் சுற்று எழுதப்பட்டிருக்கும்.

கடையில் 3 அங்குலம்தான் கிடைத்தது என்று அதைப் பூட்டினால் பம்பி 3300 சுற்றுக்கு மேல் ஓடும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், இழுக்கும் சக்தி இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். தண்ணீர் அந்த அளவுக்குக் கூடாது. டீசல் எரியும், எஞ்சின் புகைக்கும், பம்பியின் பேரிங் தேயும். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதன் விலை தெரியும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை:

1. இரு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கயிறு பிடித்துப் பாருங்கள். கோணலாக நின்றால் பெல்ட் ஓரத்தில் அறும்.

2. பம்பியின் உடலில் உள்ள அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டும். திசை மாறினால் பம்பியைத் திருப்பி வையுங்கள். பெல்ட்டைக் குறுக்காகப் போடாதீர்கள்.

3. பம்பியைக் கிணற்றுக்கு அருகில் வையுங்கள். நீர் மட்டத்திலிருந்து பம்பி 20 அடிக்கு மேல் உயர்ந்தால் உறிஞ்சுவது கடினம். உறிஞ்சு குழாயில் சிறு காற்றுக் கசிவு இருந்தாலும் தண்ணீர் வராது.

4. தொடங்கும் முன் பம்பிக்குள் தண்ணீர் நிரப்புங்கள். வெறுமையாக ஓடினால் சீல் கெடும்.

5. எஞ்சின் சமமான தரையில் நிற்கட்டும். நீர்த்தொட்டி உள்ள எஞ்சினில் ஆவியாகும் தண்ணீரை அடிக்கடி நிரப்புங்கள்.

6. சுழலும் பெல்ட்டுக்கு மேல் தகட்டாலோ பலகையாலோ மூடி போடுங்கள். சாரமோ சேலைத் தலைப்போ சிக்கினால் கை விடுவிக்க நேரம் கிடைக்காது. பெல்ட்டைத் தொடுவது எஞ்சின் நின்ற பின் மட்டும். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

இனி, எஞ்சினை விட முக்கியமான ஒன்று. கதிரவெளி முதல் மாங்கேணி வரை நமது கிணறுகள் கடலுக்கும் களப்புக்கும் இடையே உள்ள மணலில் இருக்கின்றன. மழைநீர், பாரம் கூடிய உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது அறிஞர்களின் கணக்கு. மறுபக்கமும் உண்டு: மேல் மட்டம் தொடர்ந்து ஓர் அடி இறங்கினால், கீழிருந்து உப்பு பல அடி மேலேறும். கடல்கோளுக்குப் பின் கிழக்குக் கரையில் பல கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்துச் சுத்தம் செய்தார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு கீழிருந்து ஏறும் என அப்போதே எச்சரிக்கை எழுந்தது. இறைப்பு அல்ல, பருவமழைதான் பெரும்பாலும் கிணறுகளைத் தேற்றியது.

வாளியால் அள்ளியபோது கிணறு தானாக ஓய்வெடுத்தது. பன்னிரண்டு குதிரை வலு எஞ்சினுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆகவே காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் மட்டும் இறையுங்கள். அடி காணும்வரை இறைக்காதீர்கள். இறைத்து முடித்ததும் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். கரித்தால் சில நாட்கள் நிறுத்துங்கள். குடிநீர்க் கிணற்றில் இந்த எஞ்சினைப் பூட்டவே வேண்டாம்.

ஒரு லேண்ட்மாஸ்டரை நான்கைந்து குடும்பங்கள் பகிர்வதானால் ஒரு கொப்பி வைத்திருங்கள். யார், எத்தனை மணி, எவ்வளவு டீசல் என்று எழுதுங்கள். பெல்ட்டுக்கும் எண்ணெய்க்கும் மணிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடியுங்கள். கிணற்றுச் சுவையையும் அதே கொப்பியில் குறியுங்கள். எஞ்சின் பழுதானால் திருத்தலாம். கிணறு உப்பானால், நாம் மீண்டும் ஒரு முறை இடம்பெயர வேண்டியிருக்கும்.